உப்புத்தாளும் நானும்

ஒயர் போய்ச் சேருகிற இடத்தில் பாசி பிடித்தால் ராஜா வீட்டு மோட்டாரும் ஓடாது. எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டுத் தலையில் அடித்துக்கொண்ட உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்! எழுபதுகளின் கடைசியில் நாமக்கல்லில் எனக்கு லாரி எலக்ட்ரிக் பட்டறை. உப்புத்தாள், கம்பி பிரஷ், ஒரு டப்பா கிரீஸ். இந்த மூன்றை வைத்துக்கொண்டு நான் ஆடிய ஆட்டம் கொஞ்சநஞ்சமல்ல.

புது பாட்டரி ஆசை

லாரி ஓனர் ஒருவர் வண்டியை ஆள் வைத்துத் தள்ளிக்கொண்டே வந்தார். "பாட்டரி செத்துப்போச்சுங்க, புதுசு போடோணும்" என்றார். பார்த்தால், ஒயர் மாட்டுகிற டெர்மினல் முழுக்கப் பச்சையும் வெள்ளையுமாக உப்பு பூத்திருந்தது. வெந்நீர் ஊற்றிக் கழுவி, சுரண்டி, இறுக்கி, கிரீஸ் தடவினேன். சாவியைத் திருப்பியதுமே வண்டி கிளம்பிவிட்டது. பாராட்டுவார் என்று நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனுங்க, இதைச் சுரண்டறதுக்கெல்லாமா ஒரு மெக்கானிக்கு?"

ஸ்பேனர் வைத்தியம்

டிரைவர் ஒருவர் தினமும் ஸ்பேனரால் டெர்மினலை ரெண்டு தட்டுத் தட்டித்தான் வண்டியை எடுப்பார். அது தனக்கு மட்டுமே கைவந்த வித்தை என்று அவருக்குப் பெருமை. சுத்தம் செய்து கொடுத்தேன். மறுநாள் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இப்ப எவன் வேணா வண்டிய எடுத்தர்றானுங்க, அப்பறம் நான் எதுக்குங்க?"

பாவாயக்கா வீட்டு ஆயுத பூஜை

நாமகிரிப்பேட்டைப் பக்கம் மஞ்சள் போட்டிருந்த பாவாயக்கா ஆள் அனுப்பினார். ஆயுத பூஜைக்கு மறுநாள். கிணற்று மோட்டார் ஓடாமல் உறுமுகிறதாம். மழை ஏமாற்றிய வருஷம், பயிர் வாடிக்கிடந்தது. மோட்டாரைக் கழற்றி, உள்ளே செம்புக்கம்பிக் காயில் புதிதாகக் கட்டக் கொண்டுபோனால் எட்டு நாள் ஆகும், அதுவரை மஞ்சள் தாங்காது. நான் போனபோது மோட்டாரை ஏற்ற மாட்டு வண்டியே வந்து நின்றது.

ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தேன். அடக் கடவுளே! உள்ளே காண்டாக்டுக்கெல்லாம் சந்தனம், குங்குமம்! ஒன்றில் அப்பியது காய்ந்து கெட்டியாகி, மூன்று பேஸ் கரண்டில் ஒன்றை அப்படியே மறித்திருந்தது. மெயினை நிறுத்திவிட்டு உப்புத்தாளை எடுத்தேன்.

"சாமிக்கு வெச்ச பொட்டுங்க, அழிச்சா ஆகுமுங்களா?" என்று அக்கா பதறினார்.

பொட்டையும் அழித்து, மோட்டாரும் ஓடாவிட்டால் ஊரே என் மேல் பாயும். "ஓடலீன்னா என்னையத் திட்டுங்கக்கா" என்று சொல்லிவிட்டுத் தேய்த்தேன். பட்டனை அமுக்கினேன். தொட்டியில் தண்ணீர் கொட்டியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது போங்கள்.

அக்கா ஓடிப்போய்ச் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார்.

"பொட்டிக்கு வேண்டாங்கறீங்க, அப்ப உங்க கைக்குத்தான் வெக்கோணும், காட்டுங்க சாமி!"

ஆயுசு முழுக்க அழுக்கைத் தேய்த்தே சோறு தின்ற நான், அன்று மத்தியானச் சோற்றை மட்டும் கை கழுவ மனசில்லாமல் ஸ்பூனில் தின்றேன்.