வீட்டில் எறிந்த நாற்பது பந்துகள்

டென்மார்க்கின் ஒடென்சே நகரில் உள்ள பேஸ்பால் கிளப்பில் என் மகள் துளசியைப் பந்து எறிபவளாகத் தேர்ந்தெடுத்தார்கள். பயிற்சியாளர் ஹன்னா எறிதல்களை எண்ணுவார். கைக்குக் கேடு வராதிருக்க, ஐம்பது ஆனதும் நிறுத்திவிடுவார். எனக்கு அது போதவில்லை. பள்ளி முடிந்ததும் டியூஷனுக்கு ஓடி வளர்ந்தவன் நான். ஹன்னாவுக்குச் சொல்லாமல், வீட்டுக்கு வந்தபின் கராஜ் சுவரில் இன்னும் நாற்பது எறிய வைத்தேன்.

இறுதிப் போட்டியன்று துளசி பந்தைப் பிடித்த விதத்தைப் பார்த்த ஹன்னா, "வீட்டிலும் எறிகிறாளா?" என்று என்னைக் கேட்டார்.

துளசி முந்திக்கொண்டு, "இல்லை" என்றாள். எனக்காகச் சொன்ன பொய் அது. அவளுடைய முழங்கை வீங்கியிருந்தது.

நான் உண்மையைச் சொன்னேன். ஹன்னா திட்டவில்லை. துளசியை உட்காரவைத்து, இன்னொருத்தியை எறிய அனுப்பினார். நாங்கள் தோற்றோம்.

காரில் கேட்டேன்: "நோகுதெண்டு ஏன் பிள்ளை சொல்லேல்லை?"

"உங்களுக்குத்தானே அப்பா என்னைவிட ஆசை. பாவமெண்டு விட்டனான்."

இரண்டு மாத ஓய்வில் கை சரியாகிவிட்டது. மகளின் நன்மைக்கென்று நான் அவளை வருத்தியபோது, கைக்கு எட்டியிருந்த வெற்றிக் கோப்பையை விட்டுக்கொடுத்து அவளைக் காப்பாற்றியவர் ஹன்னா. அந்த நன்றி எனக்குள் இன்னும் குறையவில்லை.