இடது பக்கம் விட்ட இடம்

தெருவில் அவருக்குத் 'தாடை' என்று பெயர். அவருடைய தாடை ஒன்றும் பெரிதில்லை. பாஸ்போர்ட் படத்துக்கு வந்து உட்காருகிற எல்லாரிடமும், "தாடையைக் கொஞ்சம் இறக்குங்க" என்பார். இறக்கினால், இவ்வளவு வேண்டாம், கொஞ்சம் ஏற்றுங்கள் என்பார். வருஷக்கணக்கில் இதையே சொல்லிச் சொல்லி அது பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது. மருந்துக் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவில் அவருடைய ஸ்டூடியோ. முன்பக்கம் கண்ணாடி மேசையும் பிரிண்டரும் படம் வெட்டுகிற கட்டரும். திரைச்சீலைக்குப் பின்னால் வெள்ளைத் துணி கட்டிய சுவர், இரண்டு குடை விளக்குகள், முதுகு சாய முடியாத ஒரு ஸ்டூல். அந்த ஸ்டூலில் உட்கார்ந்து எழுந்தவர்களில் பாதிப் பேர் விமானம் ஏறி எங்கெங்கோ போய்விட்டார்கள். ஸ்டூலுக்குச் சொந்தக்காரர் மட்டும் பாஸ்போர்ட்டுக்கு மனுகூடப் போட்டதில்லை. அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதும் இல்லை, மனைவி கிளம்பிப் போகிற வரைக்கும்.

மனைவி கண் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வேலையில் சேர்ந்த புதிதில் அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்தவள்தான். ஒரே படத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை. விளக்கு சரியாக விழவில்லை, கண் மூடிவிட்டது, பிரிண்டர் மக்கர் பண்ணுகிறது என்று ஒவ்வொரு சாக்காகச் சொல்லி அவளை மறுபடி மறுபடி வரவழைத்தார். கடைசியில் அவளே, விளக்கெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, விஷயம் என்னவென்று சொல்லுங்கள் என்று நேராகக் கேட்டுவிட்டாள். அப்படித்தான் கல்யாணம் நடந்தது. அன்றிலிருந்து அவள் முகத்தைத் தன்னைப்போல் தெரிந்தவர் உலகத்தில் கிடையாது என்பது அவருடைய கட்சி.

அவளுக்கு ஓர் ஆசை. ஆசியாவின் பழைய நகரங்களை, இடிந்த கோட்டைகளை, கல்லில் கட்டிய கோயில்களைக் கால் போன போக்கில் சுற்றிப் பார்க்க வேண்டும். கொடி பிடித்துக்கொண்டு முன்னால் ஒருவர் நடக்க, பின்னால் மந்தையாக ஓடுகிற சுற்றுலா அவளுக்கு ஆகாது. தானே பஸ் பிடிக்க வேண்டும், தானே வழி தவற வேண்டும். சமையலறை அலமாரிக் கதவின் உட்புறம் ஒரு வரைபடம் ஒட்டி, மிளகாய்த் தூள் எடுக்கும்போதெல்லாம் அதைப் பார்ப்பாள். வருஷத்துக்கு ஒரு தடவை போகலாமா என்று கேட்பாள். அவரும் வருஷத்துக்கு ஒரு தடவை, கடையை யார் பார்ப்பது என்பார். என்னவோ அது நாட்டின் கஜானா போல.

போன வருஷம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் வேறு மாதிரி சொன்னாள். ஒரு மாதம் விடுப்பு சேர்ந்திருக்கிறது, தனியாகப் போகப்போகிறேன் என்றாள். அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "போயேன், யாரு வேணாம்னது?" என்றார். அழுகிற குழந்தையிடம் நிலாவைப் பிடித்துத் தருகிறேன் என்று சொல்வோமே, அந்தக் கணக்கில் சொன்ன பேச்சு. அவள் அதைப் பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை, அனுமதியாக எடுத்துக்கொண்டாள். அந்த வாரமே டிக்கெட் வாங்கிவிட்டாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர், விசாவுக்குப் படமும் எடுத்துக் கொடுத்துத் தன் கையாலேயே வழியனுப்பி வைத்தார்.

பாங்காக்கிலிருந்து முதல் படம் வந்தது. ஆற்றங்கரையில் அவள், பின்னால் பீங்கான் பதித்த கோபுரம். அடுத்து அயுத்தயா, செங்கல் இடிபாடுகள், மரத்தின் வேர்களுக்குள் மாட்டிக்கொண்ட புத்தர் தலை. பிறகு அங்கோர், ஹனோய் என்று நாளுக்கு இரண்டு மூன்றாகக் குடும்பத்துக் குழுவில் வந்து விழுந்தன. ஸ்டூடியோக்காரருக்கு வயிறு எரிந்தது. இதில் மூடி மறைக்க ஒன்றுமில்லை, எரிந்தது. இவர் இங்கே யாரோ ஒருவருடைய காது இரண்டும் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். அவள் அங்கே இரவு ரயிலில் மேல் படுக்கையில் காலை நீட்டிக்கொண்டு போகிறாள். வழி தவறி வேறு ஊருக்குப் போனதைக்கூடப் பரிசு வாங்கியவள்போல் எழுதுகிறாள். அந்த மாதம் அவரிடம் படம் எடுக்க வந்தவர்கள் பாவம். அத்தனை தாடைகளும் படாதபாடு பட்டன.

எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியவன் மச்சினன். மனைவியின் தம்பி, எதிர்வரிசையில் சைக்கிள் கடை வைத்திருப்பவன். பஞ்சர் ஒட்டாத நேரமெல்லாம் இங்கேதான் இருப்பான். ஒருநாள் மேசையில் சாய்ந்து, போனில் அக்காவின் படங்களைத் தள்ளிக்கொண்டே வந்தவன் நிறுத்திக் கேட்டான்.

"அத்தான், அக்கா தனியாத்தானே போயிருக்கு?"

"ஆமா."

"அப்ப இதையெல்லாம் யாரு எடுக்கறா?"

கேட்டுவிட்டு அவன் பாட்டுக்கு எழுந்து போய்விட்டான். ஸ்டூடியோக்காரருக்கு அதற்குமேல் கை வேலையில் ஓடவில்லை. படங்களைக் கணினியில் ஏற்றிப் பெரிதாக்கி வைத்துப் பார்த்தார். வழியில் போகிறவரிடம் போனைக் கொடுத்து எடுக்கச் சொன்னால் படம் எப்படி வரும் என்பது அவருக்குத் தெரியாதா? கணுக்காலோடு காலை வெட்டுவார்கள். தலைக்கு மேல் மூன்று மாடி வானம் விடுவார்கள். ஆளைச் சரியாக நடுவில் நட்டு வைப்பார்கள். இந்தப் படங்களில் ஒன்றில்கூட அப்படி இல்லை. எல்லாவற்றிலும் செருப்பு வரைக்கும் முழுசாகத் தெரிந்தது. கேமரா இடுப்பு உயரத்துக்கு இறங்கியிருந்தது. அதனால் அவள் கொஞ்சம் உயரமாகவும் கம்பீரமாகவும் தெரிந்தாள். எல்லாவற்றிலும் அவள் வலது பக்கம் நின்றாள். இடது பக்கத்தில் ஓர் ஆள் தாராளமாக நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தது. பாங்காக்கில் அப்படி, அங்கோரில் அப்படி, ஹனோயில் ஏரிப் பாலத்தின் மேலும் அப்படியே.

ஒரே கை. ஊருக்கு ஊர் அவளோடு போகிற ஒரே ஆள். அதுவும் தொழில் தெரிந்தவன்.

இந்தக் கடைசி விஷயம்தான் அவரை அதிகமாகக் குடைந்தது. எவனோ ஒருவன் என்றால்கூடப் போகட்டும், போட்டோக்காரனா கிடைத்தான்? அதிலும் படங்கள் நன்றாக இருந்தன. தன்னுடையதைவிட நன்றாக இருந்தன என்பதைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. வீட்டுச் சுவரிலும் ஆல்பத்திலும் அவர் எடுத்த அவளுடைய படங்கள் எத்தனையோ உண்டு. அத்தனையிலும் அவள், அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்து நிற்கிறவள் முகத்தோடு நிற்பாள். சிரிப்பு இருக்கும், ஆனால் பால் பொங்கிவிடுமோ என்ற கவலையும் கூடவே இருக்கும். இந்தப் படங்களில் அந்தக் கவலையைக் காணோம். யாரைப் பார்த்து இப்படிச் சிரிக்கிறாள்?

போனில் பேசும்போது நேராகக் கேட்க மானம் இடம் கொடுக்கவில்லை. சுற்றி வளைத்துக் கேட்டார். கியோட்டோவிலிருந்து அவள் பேசிய அன்று, சாப்பிட்டாயா என்று தொடங்கி மெல்ல நூல் விட்டுப் பார்த்தார்.

"யாரோட சாப்பிட்ட?"

"தட்டோட," என்றாள் அவள்.

போனை வைத்துவிட்டார். அவள் திரும்பி வரும்வரை சாப்பாடு இறங்கவில்லை. மச்சினன் வந்தால் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் இனி தன்னுடையவளாக இருப்பாளா மாட்டாளா என்ற ஒரே கேள்வியைக் கூடவே கட்டிக்கொண்டு, ஒட்ட வேண்டிய படங்களை ஆள் மாற்றி ஒட்டி, வாடிக்கையாளரிடம் வாங்கியும் கட்டிக்கொண்டார்.

அவள் கறுத்துப்போய், இளைத்துப்போய், கண்கள் மட்டும் பளிச்சென்று திரும்பி வந்தாள். வந்த மூன்றாம் நாள் காலை டியூட்டிக்குக் கிளம்பும்போது தன் போனை அவரிடம் நீட்டினாள். ஆஸ்பத்திரியில் எல்லாரும் பார்க்கக் கேட்கிறார்கள், நல்லதாகப் பார்த்து பிரிண்ட் போட்டு வையுங்கள், மத்தியானம் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றாள். மடியில் கனம் இருக்கிறவள் போனைக் கொடுப்பாளா என்று ஒரு மனம் சொன்னது. அழித்துவிட்டுத்தான் கொடுத்திருப்பாள் என்று இன்னொரு மனம் சொன்னது. இரண்டாவது மனத்தோடுதான் அவர் கடைக்குப் போனார்.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். எங்காவது ஒரு கண்ணாடியில் அவன் நிழல் விழுந்திருக்காதா? எங்காவது அவனும் சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொண்டிருக்க மாட்டானா? ஆள் அகப்படவில்லை. அயுத்தயாவில் வந்து நின்றார். அங்கே படங்களுக்கு நடுவில் ஒரு வீடியோ இருந்தது. எடுக்கச் சொன்னது படம். எடுத்தவர் தெரியாமல் வீடியோவை அமுக்கியிருக்கிறார்.

திரையில் முதலில் புல் தெரிந்தது, பிறகு ஒரு பெண்ணின் செருப்புக் கால். அப்புறம் தூரத்தில் வேருக்குள் இருக்கும் புத்தர் தலை. அந்தத் தலையைவிட உயரமாக யாரும் நிற்கக் கூடாது என்பது அங்குள்ள விதி என்பதால் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள் அவள். கையை ஆட்டி ஆட்டி, "டவுன், டவுன், மோர் டவுன்" என்றாள். போன் இறங்கவில்லை. பொறுமை போய்விட்டது. எதிரில் இருப்பது எந்த நாட்டுக்காரி என்றுகூடப் பார்க்காமல் தமிழிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"இன்னும் குனிங்கம்மா. காலை வெட்டாதீங்க. இடது பக்கம் இடம் விடுங்க, எல்லாத்தையும் நடுவுல வெக்காதீங்க. அவசரம் வேணாம், மூச்சைப் பிடிச்சுட்டு அமுக்குங்க."

சொல்லிவிட்டு, இரண்டு கைகளையும் முகத்துக்கு முன்னால் தூக்கி, விரல்களால் காற்றில் ஒரு சட்டம் போட்டுக் காட்டினாள்.

வீட்டில் அவளைப் படம் எடுக்கும் முன்னால் அவர் போட்டுப் பார்க்கிற விரல் சட்டம் அது. பேச்சும் அவருடையது, அந்தச் சிடுசிடுப்பும் அவருடையது. தள்ளிப் பார்த்தால் இன்னும் சில வீடியோக்கள் அதேபோல் தவறுதலாக விழுந்திருந்தன. ஹனோயில் கூடைக்காரி ஒருத்தி, அங்கோரில் ஒரு டாக்சி டிரைவர், கியோட்டோவில் சீருடை போட்ட பள்ளிக்கூடத்துப் பெண்கள். எல்லாருக்கும் அதே உத்தரவு, அதே சட்டம். ஒரு மாதமாகத் தேடிய ஆள் கிடைத்துவிட்டான். ஆள் இவரேதான்.

ஸ்டூலில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஷட்டரைத் தூக்கிவிட்டு, பிரிண்டரில் தாளைப் போட்டு, முதல் படத்தை அனுப்பினார். கியோட்டோவில் மலைக்கோயிலின் சிவப்பு வாசல்கள் வரிசையாக ஏறிப் போக, அவள் வலது ஓரத்தில் நிற்கிற படம் அது. தாள் வெளியே வந்ததும் எடுத்துப் பார்த்தார். சிரிப்பு சப்பென்று அடங்கிவிட்டது.

அதே உயரம், அதே இடைவெளி, அதே சட்டம். இவர் எடுப்பதும் இப்படித்தான். அப்படியென்றால் இந்தப் படங்கள் மட்டும் ஏன் இவ்வளவு நன்றாக இருக்கின்றன? எடுத்தவன் கெட்டிக்காரன் என்று நினைத்திருந்தவரை அதற்கு ஒரு பதில் இருந்தது. இப்போது எடுத்தவன் இல்லை. மிச்சம் அவள் முகம்தான். யாரும் அவளைச் சிரிக்க வைக்கவில்லை. யாரும் கூட இல்லை. அதனால்தான் அந்தச் சிரிப்பு. ஓர் ஆள் இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம், மச்சினனைக் கூட்டிக்கொண்டு போய் நியாயம் கேட்டிருக்கலாம். மலைமேல் ஏறுகிற சிவப்பு வாசல்களிடம் போய் என்ன கேட்பது? போன மாதம் எரிந்ததைவிட இப்போது அதிகமாக எரிந்தது.

மத்தியானம் அவள் ஆஸ்பத்திரி உடுப்போடேயே வந்தாள். பிரிண்ட்களை மேசையில் பரப்பி ஆசையாகப் பார்த்தாள். அவரால் வாயை அடக்க முடியவில்லை. கூட எவனோ வந்ததாகச் சந்தேகப்பட்டதையும் வீடியோவைப் பார்த்ததையும் கொட்டிவிட்டார். அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, இந்த வயதில் இந்த ஆஸ்பத்திரிச் செருப்போடு எனக்கு ஓர் ஆள் கிடைக்கும் என்று நினைத்தீர்களே, அதுவே பெரிய மரியாதைதான் என்றாள்.

அந்தப் பேச்சில் அவருக்குத் தெம்பு வந்தது. இடது பக்கத்து இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார்.

"இது எனக்காக விட்டியோன்னு நினைச்சேன்."

"இல்லீங்க. கோயில் தெரிய வேணாமா?"

மூக்கு உடைந்தாலும் அவர் விடவில்லை. பாஸ்போர்ட் எடுக்கப்போகிறேன் என்றார். அடுத்த தடவை நானும் வருகிறேன், ஷட்டரை இழுத்து மூடிவிட்டு வருகிறேன் என்றார். இதைச் சொன்னால் துள்ளிக் குதிப்பாள் என்று அத்தனை வருஷமும் நினைத்திருந்தார். அவள் குதிக்கவில்லை. பிரிண்ட்களைச் சேர்த்து, மேசையில் தட்டி ஓரம் ஒழுங்காக்கி, உறையில் போட்டாள்.

"வாங்க," என்றாள். "ஆனா ஒரு நாள் விட்டு ஒரு நாள் நான் தனியாத்தான் சுத்துவேன். கோச்சுக்கக் கூடாது."

"ஏன்? நான் என்ன உன்னைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டா இருக்கப்போறேன்?"

"நீங்க இழுக்க மாட்டீங்க. நான்தான் உங்களையே பாத்துட்டு இருப்பேன். சாப்பிட்டாரா, கால் வலிக்குதா, கடை ஞாபகம் வந்துடுச்சான்னு. அப்புறம் கோயிலை எங்க பாக்கறது?"

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. நோயாளியிடம் கண்ணின் நிலையைச் சொல்வதுபோல் உள்ளதைச் சொன்னாள். அதனால் அவரால் சண்டையும் போட முடியவில்லை. அந்த நாளில் எல்லாம் நான் என்ன செய்வது என்று கேட்டார். நீங்களும் ஊரைச் சுற்றிப் பாருங்கள், அதற்குத்தானே வருகிறீர்கள் என்று சொல்லிவிட்டு, உறையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு டியூட்டிக்குத் திரும்பிப் போனாள்.

அவர் சரி என்றுதான் சொல்லியிருந்தார். தான் தனியாகப் பார்க்கப்போகிற ஊர் எதுவாக இருந்தாலும் அவருக்கு அதில் அக்கறையில்லை. அவள் தனியாகப் பார்க்கப்போகிற ஊர்மேல், அது எந்த ஊர் என்று இன்னும் முடிவாகாதபோதே, அவருக்கு வயிறு எரியத் தொடங்கிவிட்டது.