பானை ஓட்டில் ஒரு பெயர்

அந்த வருஷம் எங்கள் வீட்டில் கிரேக்கர்கள் குடியேறியிருந்தார்கள். கூட்டிவந்தவள் அக்கா. வெளிநாட்டுக் கல்லூரியில் சேருவதற்கான ஒரு பரீட்சைக்கு அவள் படித்துக்கொண்டிருந்தாள். அதில் பண்டைய கிரேக்கம் ஒரு பாடம். மற்ற பிள்ளைகள் என்றால் வாய்க்குள் முணுமுணுத்து மனப்பாடம் செய்வார்கள். அக்காவுக்கு அது ஒத்துவராது. படித்ததை யார் தலையிலாவது கட்டினால்தான் அவளுக்கு நிற்கும். பர்மாவில், தின்கன்ஜூன் பேட்டையில், இரண்டாவது மாடியில் நாங்கள் இருந்த வீட்டை அவள் 'பாலிஸ்' என்றாள். தன்னைத் தானே ஆண்டுகொள்ளும் நகரத்துக்கு அதுதான் பெயராம். சாப்பிட்டு, சண்டை போட்டு, பாய் விரித்துத் தூங்கும் கூடம் 'அகோரா' ஆயிற்று. ஜனங்கள் கூடி வழக்குப் பேசும் இடம் என்று அர்த்தம் சொன்னாள். அது வரைக்கும் பொருத்தம்தான்.

ஆட்களும் தப்பவில்லை. துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த அப்பா, சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தால் நீண்ட சொற்பொழிவு ஆற்றுவார். ஆகவே அவர் பெரிகிளிஸ். அப்பாவின் தம்பி, அதாவது எங்கள் சித்தப்பா, சாக்ரடீஸ். வெறுங்காலோடு தெருவைச் சுற்றி வருவார், எல்லோரையும் கேள்வி கேட்பார், சம்பாதிக்க மாட்டார். சித்தப்பாவுக்கு அந்தப் பட்டத்தில் ரொம்பப் பெருமை, சாக்ரடீஸுக்கு நஞ்சு கொடுத்த பாடம் வரும்வரையில். அம்மாவுக்கு ஒரு பெயர் வைக்க அக்கா புத்தகத்தைப் புரட்டினாள். தேவதைகளை விட்டால் பெண்பிள்ளை யாரும் அகப்படவில்லை என்று விட்டுவிட்டாள்.

சித்தப்பா விவகாரம் வீட்டில் அப்போது புகைந்துகொண்டிருந்தது. ஊர்க்கோடியில் லைங் தாயாவில் ஒரு தையல் தொழிற்சாலையில் அப்பா அவருக்கு வேலை சொல்லி வைத்திருந்தார். போனால் அங்கேயே ஓர் அறையில் நாலைந்து பேரோடு முடங்க வேண்டும். சித்தப்பாவோ நல்ல நாள் பார்க்கிறேன், பொங்கல் கழியட்டும் என்று நழுவிக்கொண்டிருந்தார். அவருக்கு வீட்டை விட்டுப் போக மனமில்லை. எனக்கும் அவர் போவதில் சம்மதமில்லை. பள்ளிக்கூட வாசலில் மிளகாய்ப்பொடி போட்ட மாங்காய் வாங்கித் தருவதற்கு வேறு யார் இருந்தார்கள்?

போகியன்று பழைய பொங்கல் பானையை உடைப்பது எங்கள் வீட்டு வழக்கம். பானை வனையும் ஊரான த்வாண்டேயிலிருந்து புதுப்பானை வந்து இறங்கியதும் பழையதைக் கொண்டுபோய்ப் படிக்கட்டின் கீழே போட்டு உடைப்போம். அந்த வருஷம் அக்கா ஓடுகளைப் பொறுக்கிக் கழுவி எடுத்து வந்தாள். ஏதன்ஸ் நகரத்தில் இப்படித்தானாம். ஊருக்கு வேண்டாதவன் என்று நினைக்கிற ஆளின் பெயரை ஆளுக்கொரு பானை ஓட்டில் கீறிப் போடுவார்களாம். யார் பெயர் அதிகம் வருகிறதோ அவன் பத்து வருஷம் ஊரை விட்டுப் போய்விட வேண்டும். அந்த ஓட்டுக்கு 'ஆஸ்ட்ரகான்' என்று பெயர்.

அக்காவுக்கு இது பாடம், எனக்கு விளையாட்டு. அப்பாவுக்கு அப்படி இல்லை. சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நாமளும் போட்டுப் பார்க்கலாம்" என்றார். "ஆனா வந்த முடிவு வந்ததுதான். அப்புறம் யாரும் நாள் நட்சத்திரம் பார்க்கக் கூடாது."

சித்தப்பா சிரித்தார், ஆனால் இடுப்பில் கட்டியிருந்த லோஞ்சியை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார். அவருக்குக் கணக்கு உடனே புரிந்திருக்கும். அப்பாவின் பெயரை எழுத எங்கள் வீட்டில் எவருக்கும் கை வராது. சின்னப் பிள்ளையான என்னை அனுப்ப முடியாது. மிச்சம் இருப்பது யார்? அம்மாவுக்குச் சித்தப்பாமேல் எத்தனையோ குறை. அவருடைய லோஞ்சிகளை அவள்தான் துவைத்தாள். நேரங்கெட்ட நேரத்தில் நண்பர்களோடு வந்து நின்றால் அவள்தான் மறுபடியும் உலை வைத்தாள்.

ஆணி ஒன்றுதான் இருந்தது. ஒவ்வொருவராகச் சுவர்ப்பக்கம் திரும்பிக் கீறி, ஒரு வாளியில் போட்டோம். எங்கள் எல்லோருக்கும் தடங்கலில்லாமல் எழுத வந்தது பர்மிய எழுத்துதான், அதில்தான் எழுதினோம். அம்மா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள், நின்றபடியே கீறினாள், வாளியில் போட்டாள்.

அக்கா ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தாள். முதலில் வந்த இரண்டிலும் சித்தப்பா பெயர். அப்பாவும் அக்காவும் எழுதியவை என்று கையெழுத்தே சொல்லிற்று. அடுத்த இரண்டில் அக்காவின் பெயர். ஒன்று சித்தப்பா போட்டது, இன்னொன்று நான். வீட்டில் யாரை அனுப்பலாம் என்று என்னைக் கேட்டால் நான் வேறு யாரைச் சொல்வேன்? ஆக, வாளியில் கிடந்த கடைசி ஓட்டில்தான் தீர்ப்பு இருந்தது. அது அம்மாவுடையது. சித்தப்பா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அக்கா அதை எடுத்து ஜன்னல் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது யாரு?" என்றாள்.

அப்பா வாங்கிப் படித்தார், படித்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். அம்மா தன் சொந்தப் பெயரை எழுதியிருந்தாள். வீட்டுத் தமிழ்ப் பெயர் தவிர, எங்கள் எல்லோருக்கும் அடையாள அட்டையில் ஒரு பர்மியப் பெயர் உண்டு; இது அம்மாவுடையது. அப்பா அவளை 'இந்தா' என்பார், சித்தப்பாவுக்கு அண்ணி, அக்கம்பக்கத்தாருக்கு அக்காவின் பேர் சொல்லி இன்னாருடைய அம்மா. அந்தப் பெயரை வைத்து யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

அக்காவுக்குச் சலிப்பு. "வெளியே அனுப்ப வேண்டியவங்க பேரைத்தாம்மா எழுதணும்."

"சரி" என்றாள் அம்மா. பிறகு, "அந்தப் பத்து வருஷமும் எங்க வேணா இருக்கலாமா?" என்று கேட்டாள்.

"எங்க வேணா இருக்கலாம்."

"திரும்பி வந்தா வீடு, வாசல் எல்லாம்?"

"அப்படியே இருக்கும். மரியாதையும் குறையாது. புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு."

அம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். அந்த ஓடு செல்லாது என்று அக்கா தீர்ப்புச் சொன்னாள். படிப்பில்லாதவர்களைச் சபையில் சேர்த்தால் இப்படித்தான் என்று அப்பா ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றிவிட்டு, டீ போடச் சொன்னார். அண்ணி தன்னைக் காட்டிக்கொடுக்க மனசில்லாமல்தான் அப்படி எழுதினார்கள் என்று சித்தப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. லைங் தாயாவுக்கு அவர் போகவில்லை. அடுத்த பொங்கலுக்கும் எங்களோடுதான் இருந்தார்.

எனக்கு அம்மாவை நினைத்துப் பாவமாக இருந்தது. எல்லோருக்கும் தெரிந்த ஒரு விளையாட்டு அவளுக்கு மட்டும் தெரியவில்லையே. அடுப்படிக்குப் போய், அவள் டீயை ஆற்றிக்கொண்டிருக்கும்போது, ஏதன்ஸ் எங்கே இருக்கிறது என்பதிலிருந்து தொடங்கி முழுவதையும் நிதானமாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல, மறுபடி சொன்னேன். யாருக்கு இந்த வீடு வேண்டாமோ அவர்கள் பெயரை எழுதக் கூடாது, வீட்டுக்கு யார் வேண்டாமோ அவர்கள் பெயரைத்தான் எழுத வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னேன். அம்மா குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"புரிஞ்சுதாம்மா?" என்றேன்.

"புரிஞ்சுது" என்றாள். டீத் தம்ளர்கள் வைத்த தட்டை என் கையில் கொடுத்து, கொட்டிவிடாமல் கொண்டுபோகச் சொன்னாள்.

நான் கூடத்துக்கு வந்து, அம்மாவுக்கு இப்போது எல்லாம் புரிந்துவிட்டது என்று அறிவித்தேன். எல்லோரும் டீயை எடுத்துக்கொண்டார்கள்.