மூன்றாவது பாட்டுக்கும் நான்காவது பாட்டுக்கும் நடுவில்

என் அண்ணனின் குரல் எனக்கு மறந்துபோய்விட்டது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. முகம் நினைவிருக்கிறது, நடை நினைவிருக்கிறது, என் தட்டிலிருந்து அப்பளத்தை எடுக்கிற கை நினைவிருக்கிறது. குரலைத் தேடிப் போனால் மட்டும் மாமா பையனின் குரல், டி.வி.யில் கேட்ட எவனோ ஒருவனின் குரல் என்று மனசு எதையெதையோ எடுத்து நீட்டுகிறது. அவன் போய் நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. நாலு போட்டோ இருக்கின்றன. அவன் குரல் எங்கள் வீட்டில் எதிலும் பதிவாகவில்லை.

வெளியே ஒரே ஒரு இடத்தில் பதிவாகியிருந்தது. அதற்காகத்தான் அந்தப் பாழாய்ப்போன டேப்புகள் எப்போது வெளிவரும் என்று ஆறு வருடம் பைத்தியம் பிடித்தவள் மாதிரி காத்திருந்தேன்.

அந்தக் காலத்தில் கல்கத்தாவில் ஒரு ராக் இசைக்குழு இருந்தது. ஐந்து பெங்காலிப் பையன்கள், ஐந்து பேருக்கும் தோள் வரை முடி. அண்ணனுக்கு அவர்கள் என்றால் உயிர். ஒரு டிசம்பர் சாயங்காலம் அலிப்பூரில் ஒரு கல்லூரி மைதானத்தில் அவர்கள் வாசித்தார்கள். எங்கள் அப்பா துறைமுக ஆபீஸில் ஹெட் கிளார்க், கிடர்பூரில் குவார்ட்டர்ஸ். கித்தார் என்ற சொல்லைக் கேட்டாலே மனிதருக்கு முகம் சிவக்கும். அதனால் ஐயப்ப பூஜைக்குப் போகிறோம் என்று பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். நம்ப வேண்டுமே என்று அண்ணன் நெற்றியில் சந்தனம் வேறு இழுத்துக்கொண்டான். அவனுக்கு இருபத்தொன்று, எனக்குப் பதினேழு. மேடைக்கு நேர் கீழே தரையில் இடம் பிடித்தோம்.

மூன்றாவது பாட்டு முடிந்ததும் கித்தாரின் கம்பி அறுந்தது. மாட்டினார்கள், மாட்டினார்கள், மாட்டிக்கொண்டே இருந்தார்கள். எங்களுக்கோ ஏழரை மணி பஸ்ஸை விட்டால் வீட்டில் பூசை நிச்சயம். அண்ணன் எழுந்து நின்று வாயருகே கையைக் குவித்துக் கத்தினான்: "ஏலே, சீக்கிரம் வாசிங்கலே! எங்க பஸ்ஸு போயிரும்!"

சுத்தமான திருநெல்வேலித் தமிழ். சுற்றியிருந்தவர்களுக்கு ஒரு எழுத்து புரியவில்லை, ஆனாலும் கொல்லென்று சிரித்தார்கள். நான் வெட்கம் தாங்காமல் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "நீ சும்மா கெடட்டி" என்றான். அடுத்த வருடம் மஞ்சள் காமாலை வந்தது. பதினெட்டே நாள்.

ஆறு வருடத்துக்கு முன் அந்தக் குழுவின் டிரம்மர் வீட்டு அலமாரியில் பழைய டேப் சுருள்கள் கிடைத்திருப்பதாகச் செய்தி வந்தது. பட்டியலில் அலிப்பூர்க் கச்சேரியும் இருந்தது. மேடையிலேயே மைக் வைத்து எடுத்தது. மேடைக்குக் கீழே நின்று அந்தத் தொண்டையில் கத்தினால் விழாமல் இருக்குமா? ஒரு சின்ன ரெக்கார்டு கம்பெனி வெளியிடப் போகிறது என்றார்கள். ரசிகர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்ந்தேன். எல்லோரும் அறுபது தாண்டிய பெங்காலி தாதாக்கள், நடுவில் நான் ஒரே ஒரு தமிழச்சி. பெங்காலியில் தாதா என்றால் அண்ணன், திதி என்றால் அக்கா; அவர்களுக்கு நான் திதி.

துர்கா பூஜோவுக்கு வரும் என்றார்கள். வரவில்லை. புத்தகக் கண்காட்சிக்கு என்றார்கள். அப்புறம் பொய்லா பொய்ஷாக், அதாவது அவர்கள் வருடப் பிறப்பு. பாடகரின் வாரிசுகளுக்குள் சண்டை என்றார்கள். இரண்டு வருடம் அப்படியே போயிற்று. போன் சிணுங்கினால் அடுப்பில் பால் பொங்கினாலும் விட்டுவிட்டு ஓடினேன். குழுவில் மூன்று தாதாக்கள் கேட்காமலே செத்துப்போனார்கள். ஒவ்வொரு முறையும் அந்த மனுஷருக்காக அழுவதற்கு முன்னால், அடுத்தது நானா என்று பயந்தேன். அவ்வளவு சுயநலம். ஒருநாள் என் மகள் கேட்டாள்: "அம்மா, மாமா குரல் கீ ரொகொம் இருக்கும்? தடியா, மெலிசா?" கீ ரொகொம் என்றால் எப்படி. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

போன வருடம் கம்பெனிக்காரர்கள் வேறொரு கச்சேரியிலிருந்து ஒரு பாட்டை மாதிரிக்காக வெளியிட்டார்கள். இருமல், தாளம் தப்பிய கைதட்டல், பாட்டின் நடுவே கடலை விற்கிறவன் கூவல். தாதாக்கள் கொதித்துப்போனார்கள். இப்படி வெளியிட்டால் வாங்க மாட்டோம், சுத்தம் செய்து உடனே வெளியிடு என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் அனுப்புவதாக முடிவாயிற்று. "திதி, நீங்க எழுதுங்க, உங்க இங்கிலீஷ்தான் ஆபீஸ் இங்கிலீஷ்" என்றார்கள். உண்மைதான். முப்பத்து மூன்று வருடம் மத்திய அரசு அலுவலகத்தில் ஸ்டெனோ. கடிதத்தில் ஓட்டை வைக்கக் கூடாது என்பது எங்கள் தொழில் தர்மம். "சில சத்தங்களை" என்று எழுதினால், எவை என்று கேட்டு ஆறு மாதம் இழுப்பான். ஆகவே எழுதினேன்: பாட்டும் பாடகரின் பேச்சும் தவிர மற்ற எல்லாச் சத்தங்களையும், விதிவிலக்கு ஏதுமின்றி நீக்கி, மேலும் தாமதமில்லாமல் வெளியிட வேண்டும்.

எழுதியபோது என் மனதில் கடலைக்காரன்தான் இருந்தான். ராப்பகலாக அதையே நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு ஒரு நிமிடம்கூட உறைக்கவில்லை. அண்ணனை நான் சத்தங்களோடு சேர்த்து எண்ணியதே இல்லை.

இந்த பிப்ரவரியில் ஒரு மத்தியானம் வெளிவந்தது. மகள் ஹெட்போனை மாட்டிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். முதல் பாட்டு, இரண்டாவது பாட்டு, மூன்றாவது பாட்டு. கித்தார் நின்றது. அப்புறம் ஒன்றுமில்லை. இரைச்சல்கூட இல்லை. நாலு வினாடி கழித்துப் பாடகரின் குரல், சிரித்துக்கொண்டே: "கீ போல்லேன் தாதா? ஆபார் போலுன்!" என்ன சொன்னீங்க தாதா, மறுபடி சொல்லுங்க. உடனே டிரம் இறங்கி நான்காவது பாட்டு ஆரம்பித்துவிட்டது. அந்த மனிதர் அவனுக்குப் பதில் சொன்னதே எனக்கு அன்றுவரை நினைவில் இல்லை. திரும்பத் திரும்ப ஓட்டினேன். மகள் ஹெட்போனைக் கழற்றி வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் படகேறி ஹவுராவுக்குப் போனேன். லேத் பட்டறைகள் நிறைந்த சந்தில் ஒரு மாடியில்தான் அந்த டேப்பைக் கணினிக்கு மாற்றியவரின் ஸ்டூடியோ. ஐம்பது வயதிருக்கும், நல்ல மாதிரி. விஷயத்தைச் சொல்லி, வெட்டி எடுத்த சத்தம் எனக்கு வேண்டும், எவ்வளவு மோசமாக இருந்தாலும் பரவாயில்லை என்றேன். அவர் பெங்காலியில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

"வெட்டலை, திதி. வெட்டுறதுக்கு அது கம்ப்யூட்டர்ல பதிவாகவே இல்லை. பழைய டேப்பு, சத்தம் பதிஞ்சிருக்கிற பூச்சு எல்லாம் பொடிப்பொடியா உதிருது. ஒரு தடவைக்கு மேல ஓடாது. அந்தப் பொடி மெஷின் ஹெட்டுல, அதான் சத்தத்தைப் படிக்கிற முனையில, அடைச்சுக்கும், அப்பப்போ துடைக்கணும். நிறுத்தினா டேப் ஒட்டிக்கும். அதனால ஓட விட்டுக்கிட்டே, பாட்டு முடியிற இடத்துல டேப்பை விலக்கிப் பிடிச்சு, பஞ்சால ஹெட்டைத் துடைச்சேன்." கொஞ்சம் தயங்கிச் சொன்னார்: "நடுவுல இருக்கிற சத்தம் வேண்டாம்னு உங்க கடிதம் வந்திருந்துச்சு. அதனாலதான் தைரியமா அங்க துடைச்சேன்."

டேப் சுருளை எடுத்துக் காட்டினார். பூச்சு முழுக்கப் போய், வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிகிற வெறும் பிளாஸ்டிக்.

"துடைச்ச பஞ்சு எங்கே?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "அன்னிக்கே பெருக்கித் தள்ளியாச்சு, திதி."

குப்பையை எங்கே கொட்டுவார்கள் என்று கேட்டேன். நாலு மாதம் ஆகிவிட்டது என்றார். அது எனக்கும் தெரியும். எந்தப் பக்கம் என்று மறுபடியும் கேட்டேன்.