கொரியா சென்று போதகராகத் திரும்பிய எங்கள் அண்ணன்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கு எங்கள் அண்ணனின் இளமைக் காலம் தெரியும். சபையாருக்கு அவருடைய ஊழியக் காலம் தெரியும். இரண்டையும் அருகிலிருந்து பார்த்த தங்கை என்ற முறையில், அவர் பிரிந்த முதலாம் ஆண்டில் இதை எழுதுகிறேன்.

சங்கரன்கோவிலை அடுத்த எங்கள் கிராமத்தில் மூத்த மகனாகப் பிறந்தவர் அண்ணன்; அவருக்குப் பின் நானும் தம்பியும். அப்பா குளத்துப் பாசனத்தில் நெல் விளைவித்தவர். வயலில் எத்தனை வேலை கிடந்தாலும் ஆடித்தபசுத் திருவிழா அன்று அம்மன் சந்நிதியில் நிற்பார். அண்ணன் கணிதத்தில் பட்டம் பெற்று, புளியங்குடியில் ஒரு பள்ளியில் ஆசிரியரானார். வீட்டில் பெண் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

அந்தச் சமயத்தில் அவருடன் வேலை பார்த்த கிறிஸ்தவ ஆசிரியர் ஒருவர் சர்க்கரை நோயால் கண் மங்கிப் படுத்துவிட்டார். அண்ணன் பள்ளி முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போய் வேதாகமத்தை வாசித்துக் காட்டுவார். அந்த ஆசிரியர் காலமான பிறகும் அண்ணன் வாசிப்பை நிறுத்தவில்லை. யாரும் அவரை அழைக்கவில்லை, ஆசை காட்டவும் இல்லை. அன்று உறவில் வேறு விதமான பேச்சுகள் நடந்ததால் இதைத் தெளிவாகச் சொல்கிறேன்.

ஞானஸ்நானம் பெற்ற பின்பே அண்ணன் அதை வீட்டில் சொன்னார். தென்கொரியாவில் இறையியல் படிக்க உதவித்தொகையுடன் இடம் கிடைத்திருப்பதையும், போதகராக விரும்புவதையும் அதே மூச்சில் சொல்லிவிட்டார். சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா தட்டில் கை கழுவிவிட்டு எழுந்தார்.

"போறதுன்னா போ. திரும்பி இந்த நடைய மிதிக்காத."

அம்மா குறுக்கே வந்து நின்றார். "சிவனும் பெருமாளும் ஒரே உடம்புல நிக்குத ஊருல இருந்துக்கிட்டு, அப்பனும் மவனும் ஒரு வீட்டுல இருக்க முடியலையாக்கும்" என்றார். அண்ணன் காலில் விழுந்தபோது அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கொரியாவில் குளிரும் மொழியும் அண்ணனைப் படாத பாடு படுத்தின. விடியும் முன்பே ஜெபக்கூடம், பகலெல்லாம் வகுப்பு, மாலையில் கல்லூரிச் சமையலறையில் பாத்திரம் கழுவும் வேலை. ஞாயிறுதோறும் போன் செய்வார். அப்போதெல்லாம் அப்பா தொழுவத்துக்குப் போய்விடுவார். ஒருநாள் அம்மா வேண்டுமென்றே ஸ்பீக்கரைப் போட்டார். அண்ணன் அது தெரியாமல் பேசினார். "இங்கனயும் பிள்ளைக அப்பாவ அப்பான்னுதான் கூப்பிடுதுக, அம்மா. தெருவுல எந்தப் பிள்ளை கூப்பிட்டாலும் நான் நின்னுருதேன்."

தொழுவத்துக்குக் கிளம்பிய அப்பாவும் அப்படியே நின்றுவிட்டார். சற்றுப் பொறுத்து, குளிருக்கு உடுப்பு இருக்கிறதா என்று கேட்கும்படி அம்மாவிடம் சைகை செய்தார். அதன் பிறகு வாரந்தோறும் அம்மா வழியாக ஏதாவது ஒன்றைக் கேட்பது அவருக்கு வழக்கமாயிற்று.

படிப்பு முடிந்ததும் அங்குள்ள தொழிற்சாலைகளில் வேலை செய்யும் தமிழர்களுக்குப் போதகராக இருக்கும்படி அண்ணனைக் கேட்டார்கள். அவரும் சம்மதிக்கும் மனநிலையில்தான் இருந்தார். அதற்குள் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. அண்ணன் ஊர் வந்து சேர்ந்தார். ஆனால் வாசலிலேயே நின்றுகொண்டு, உள்ளே வரலாமா என்று அம்மாவிடம் கேட்டனுப்பினார். கட்டிலில் கிடந்த அப்பா குழறிய குரலில், "உள்ள வாலே" என்றார்.

அண்ணன் கொரியாவுக்குத் திரும்பவில்லை. மேலநீலிதநல்லூருக்கு அப்பால் ஒரு மானாவாரிக் கிராமத்தில் சிறிய சபையில் உதவிப் போதகராகச் சேர்ந்தார். தினமும் காலையில் பைக்கில் வந்து அப்பாவைக் குளிப்பாட்டுவார். குளித்ததும் திருநீறு பூசாமல் அப்பா தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். வலக்கை வரவில்லை, இடக்கையால் பூச மனம் ஒப்பவில்லை. முதல் நாளே அண்ணன் திருநீற்றை எடுத்து அப்பாவின் நெற்றியில் பூசிவிட்டார்.

நோய் விசாரிக்க வந்த சபை மூப்பர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டார். ஒரு போதகர் இதைச் செய்யலாமா என்று முற்றத்தில் வைத்தே கேட்டார்.

"அவரு சாமிய நான் கும்பிடலை, அண்ணாச்சி. அது அப்பாவுக்கும் தெரியும். கை வராத மனுசனுக்கு நான் கையா இருக்கேன்" என்றார் அண்ணன்.

மூப்பர் சமாதானம் அடையவில்லை. புகார் மேலே போயிற்று. சில குடும்பங்கள் ஆராதனைக்கு வருவதை நிறுத்தின. அண்ணனை முழுப் போதகராக்கும் குருப்பட்டம் தள்ளிப்போடப்பட்டது. அவர் கலங்காமல் இருந்தார் என்று எழுதினால் அது பொய். ஒருநாள் பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே வராமல் வேப்பமரத்தடியிலேயே நின்றார். ஏன் என்று போய்க் கேட்டேன். "சரியா தப்பான்னு எனக்கே தெரியலை. ஆனா அப்பா நெத்திய நீட்டுதாரே" என்றார். பிறகு உள்ளே போய் வழக்கம்போல் வெந்நீர் விளாவினார்.

அப்பா காலமானபோது, மூத்தவர் இருக்க யார் கொள்ளி வைப்பது என்று உறவில் வாக்குவாதம் எழுந்தது. தன் விசுவாசத்தில் அந்தச் சடங்கு இல்லை, தம்பி செய்யட்டும், தான் சுமப்பதாகச் சொன்னார் அண்ணன். சுடுகாடு வரை தோள் மாற்றவில்லை. அந்த ஊர்வலத்தில் மூப்பரும் வந்தார். சில மாதங்கள் கழித்து, அண்ணனுக்குக் குருப்பட்டம் தரவேண்டும் என்று சபைக் கூட்டத்தில் எழுந்து பேசியவரும் அவரே.

பின்னர் எங்களுக்கு மதினியாக வந்தவரை மணந்து, கடைசி வரை அதே வட்டாரத்தில் ஊழியம் செய்தார். மாலையில் எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். அவருடைய பிரசங்கம் நீளும். பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் முணுமுணுத்ததும் உண்டு. யாரேனும் தாமதமாக வந்தால் மட்டும் கோபப்படுவார்.

கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டிருந்தது. வலி பொறுக்காமல் அழுத நாட்களிலும் மதினியைத் தூங்கச் சொல்லி அனுப்பிவிடுவார். ஒரு காலைப் பொழுதில் மதினியின் கையைப் பிடித்தபடியே அமைதியானார்.

சிகிச்சை அளித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், கல்லறை வெட்டிய இளைஞர்களுக்கும், வந்தவர்களுக்கெல்லாம் சமைத்துப் போட்ட உறவினர்களுக்கும், இரவு பகல் பாராமல் அண்ணனைப் பார்த்துக்கொண்ட மதினிக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னும் ஒரு நன்றி உண்டு. அண்ணன் போனபின் அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி அவர் ஊழியம் செய்த ஆலயத்துக்குப் போய் வருகிறார். மதம் மாறப்போகிறாரா என்று உறவினர் சிலர் என்னிடம் கேட்டார்கள். நான் அம்மாவிடமே கேட்டேன்.

"நான் சாமி கும்பிடவா போறேன்? அவனப் பத்திப் பேசுதவங்க அங்கனதான இருக்காவ" என்றார்.

பெஞ்சில் அம்மாவுக்கு இடம் பிடித்து வைக்கும் சபைப் பெண்களே, உங்களுக்கு எங்கள் வணக்கம். அம்மாவுக்குத் தெரியாத அண்ணன் உங்களிடம் நிறைய இருப்பார். வாரம் ஒன்றாகச் சொல்லிக்கொண்டிருங்கள்.