நேராக நின்ற கியர் லீவர்

உக்குவளையில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து மாத்தளை பஸ் நிலையம் போய்ச்சேர நான் நாற்பத்தாறு தடவை கியர் மாற்றவேண்டும். திரும்பி வரும்போது நாற்பத்தொன்பது. மழை நாளில் ஆறேழு கூடும். வேலையில்லாமல் இதை எண்ணினேன் என்று என் மனைவி சொல்வாள். போன வருடம் இடது தோள் பிடித்துக்கொண்ட பிறகு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் தோளுக்குள் ஒரு குத்து விழுந்தது. குத்துகளை எண்ணினால் கியர் தானாக எண்ணப்பட்டுவிடும். தோள் நன்றாக இருந்த காலத்திலும் எண்ணியிருக்கிறேன் என்பதை நான் மறுக்கவில்லை.

எனக்கு எழுபத்து நான்கு வயது. நில அளவை அலுவலகமொன்றில் முப்பத்து மூன்று வருடம் படவரைஞராக இருந்தேன். கார் பதினேழு வருடமாக என்னிடம் இருக்கிறது. தோள் வலியைக் கேள்விப்பட்டதும் கண்டியில் இருக்கும் மகள் காரை விற்றுவிடச் சொன்னாள். கிளினிக்குக்கும் கோயிலுக்கும் த்ரீவீலரில் போகலாம், எழுபது தாண்டியவருக்கு எதற்கு ஸ்டியரிங் என்று கேட்டாள். தீர்ப்புச் சொல்லவேண்டியவள் என் மனைவி. இடது பக்கத்து ஆசனத்தில் பதினேழு வருடமாக உட்கார்ந்து வருகிறவள் அவள்தானே.

அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள். "தோள் வலிக்காம ஓட்ட முடிஞ்சா ஓட்டுங்க. இல்லாட்டி குடுத்துருவோம். ஒரு மாசம் பாக்குறேன்."

முப்பது நாள். முதல் நான்கு நாட்களை எண்ணெய் தேய்த்துத் தேய்த்தே வீணாக்கினேன். ஐந்தாம் நாள்தான், தோளைத் திருத்த முடியாவிட்டால் லீவரைத் திருத்தலாமே என்று தோன்றியது. ஒரு தாளில் லீவரை வரைந்தேன். மேலே குமிழ், நடுவில் அது திரும்பும் அச்சு, கீழே கியர் பொக்ஸுக்குப் போகும் தண்டு. அச்சைச் சற்று மேலே தூக்கினால் குமிழ் போகவேண்டிய தூரம் குறையும். கணக்கு சரியாக வந்தது. தாளை எடுத்துக்கொண்டு யட்டவத்தையில் எனக்குப் பழக்கமான கராஜுக்குப் போனேன்.

கராஜ்காரர் ஒரு முஸ்லிம் மனிதர். நாற்பத்தைந்து வயதிருக்கும். என் படத்தை இரண்டு தரம் திருப்பிப் பார்த்தார். கண்டுபிடிக்க ஒன்றுமில்லை, இது கடையிலேயே கிடைக்கிறது என்றார். ஷோர்ட் லீவர் என்று பெயராம்.

"சேர், இது ரேஸ் ஓடுற பொடியன்மாரு போடுற சாமான்," என்று சிரித்தார். "என்ட வாப்பாட வயசுல ஒராள் வந்து கேட்டது இதுதான் முதல் தரம்."

லீவர் வந்துசேர ஒன்பது நாள் பிடித்தது. வேலை நடந்த வியாழக்கிழமை நான் கூடவே நின்றேன். இரண்டு ஆசனங்களுக்கும் நடுவிலிருந்த பெட்டியைக் கழற்றினார். நான்கு நட்டுகளை எடுத்துப் பழைய லீவரை வெளியே தூக்கினார். தேய்ந்துபோயிருந்த பழைய நைலோன் வளையங்களைப் பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டிப் புதியவற்றைப் போட்டார். பிறகு பொனட்டைத் திறந்து, எஞ்சினுக்குப் பின்னால் கை எட்டும் இடத்தில் இருந்த ஒரு நட்டைக் காட்டினார். லீவரிலிருந்து வரும் தண்டும் கியர் பொக்ஸிலிருந்து வரும் தண்டும் அங்கேதான் ஒன்றாகப் பிடிக்கப்பட்டிருந்தன.

"கியர் பொக்ஸும் நியூட்ரல்ல இருக்கணும், லீவரும் நியூட்ரல்ல நிக்கணும். ரெண்டையும் பாத்துட்டுத்தான் இத இறுக்கணும், சேர். வேலையே இந்த நட்டுலதான்."

இதை நான் என் கொப்பியில் எழுதிக்கொண்டேன். உருக்கு அடிமட்டத்தை வைத்து அளந்தேன். முதலாம் கியரிலிருந்து இரண்டாம் கியருக்கு முன்பு குமிழ் பதினைந்து சென்ரிமீற்றர் போனது. இப்போது ஒன்பது. லீவர் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருந்தது, ஆனால் முழங்கையை மடித்தபடியே தள்ள முடிந்தது. தோளில் ஒன்றுமே இல்லை. யட்டவத்தையிலேயே நான் வென்றுவிட்டதாக நினைத்தேன்.

வளையங்கள் பதியவேண்டும் என்பதற்காகக் கராஜ்காரர் தானே சிறிது தூரம் ஓட்டிப் பார்த்து, பின்னேரம் காரை எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார். எங்கள் வாசல் ரோட்டை நோக்கி மேடாகப் போகும். மலைப்பக்கத்தில் யாரும் செய்வதுபோல, காரின் முகப்பு ரோட்டைப் பார்க்க ஹேண்ட் பிரேக்கை இழுத்து, முதலாம் கியரில் போட்டு நிறுத்திவிட்டுச் சாவியை என் கையில் தந்தார்.

உடனே ஓட்டிப் பார்க்க எனக்கு ஆசை. மனைவி விடவில்லை. காரில் பெரிய வேலை செய்தால் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, பழத்தை நசுக்கிக்கொண்டுதான் வெளியே எடுக்கவேண்டும். விடிந்தால் வெள்ளிக்கிழமை. பழம் நசுக்கி அப்படியே மாத்தளை அம்மன் கோயிலுக்கும் போய்வரலாம், அதுவரை காரை ஒரு அங்குலம் அசைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டாள். அசைக்கத்தானே கூடாது, உட்காரலாம். காலை ஆறு மணிக்குப் போய் உட்கார்ந்தேன்.

லீவர் கோணலாக நின்றது. முன்பக்கமாகவும் கொஞ்சம் இடதுபக்கமாகவும் சாய்ந்திருந்தது. பழைய லீவர் முதலாம் கியரில் நான்கு விரல் முன்னே போய் நிற்கும், பார்த்ததும் தெரியும். இது மூன்று விரல்கூடச் சாயவில்லை. ஆகவே இதை நான் நியூட்ரல் என்று எடுத்துக்கொண்டேன். கராஜ்காரர் கவனமில்லாமல் நட்டை இறுக்கியிருக்கிறார், அதனால்தான் நியூட்ரல் கோணலாக வந்திருக்கிறது என்று முடிவுசெய்தேன். முப்பத்து மூன்று வருடம் கோடு நேராக இருக்கிறதா என்று பார்த்த கண். அதை அப்படியே விட்டுவிட்டு எழும்பி வர என்னால் முடியவில்லை.

பொனட்டைத் திறந்தேன். பதின்மூன்றாம் நம்பர் ஸ்பெனரால் அந்த நட்டை இரண்டரைச் சுற்றுத் தளர்த்தினேன். உள்ளே வந்து லீவரை நிமிர்த்தி, மூலைமட்டம் வைத்துப் பார்த்து, இரண்டு பக்க ஆசனங்களோடும் நூலால் இழுத்துக் கட்டினேன். திரும்பப் போய் இரண்டரைச் சுற்று இறுக்கினேன். நூலை அவிழ்த்ததும் லீவர் தொண்ணூறு பாகையில் நின்றது. அழகாக இருந்தது. மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால், செய்து கொடுத்த வேலையில் ஏன் கைவைத்தீர்கள் என்பாள்.

வெள்ளிக்கிழமை ராகுகாலம் பத்தரைக்குத் தொடங்கும். பத்து இருபத்தொன்றுக்கு அவள் சூடம் காட்டி முடித்து, பழங்களை எடுத்துக்கொண்டு குனிந்தாள். வலது முன்சக்கரம், வலது பின்சக்கரம், இடது பின்சக்கரம் என்று வலம் வந்தாள். குனிந்து நிமிர ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்தாள். இரண்டு முறை அவசரப்படுத்தினேன்.

"ராகுகாலம் என்னய மாதிரி மெதுவா நடந்துதான் வரும். சும்மா இருங்க," என்றாள்.

சும்மா இருந்திருக்கவேண்டும். பத்து இருபத்தைந்துக்கு, எஞ்சினையாவது சூடாக்கி வைப்போம் என்று நினைத்தேன். கதவைத் திறந்து ஆசனத்தில் பக்கவாட்டில் உட்கார்ந்தேன். கால்கள் இரண்டும் வெளியே நிலத்தில் இருந்தன. லீவரைப் பார்த்தேன். நேராக நின்றது. சாவியைத் திருப்பினேன்.

கார் பாய்ந்தது.

கதவு என் முழங்காலில் இடித்தது. எஞ்சின் ஒரு உதறு உதறி நின்றுவிட்டது. பொனட்டுக்கு மேலே இடதுபக்கம் பார்த்தேன். அவள் தலை தெரியவில்லை. வெளியே போட்டிருந்த கால்களை எடுத்து நடக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. எத்தனை வினாடி அப்படி இருந்தேன் என்று தெரியாது. நான் எண்ணவில்லை.

பிறகு அவள் குரல் கேட்டது. சாதாரணக் குரல்.

"சாவிய எடுத்துட்டீங்களா?"

எடுக்கவில்லை என்றேன்.

"எடுங்க. எடுத்து எங்கிட்ட கொண்டுவந்து குடுங்க."

கொண்டுபோனேன். இடது முன்சக்கரத்துக்கு முன்னால் நிலத்தில் உட்கார்ந்திருந்தாள். பழத்தை வைத்துவிட்டுக் கையை இழுத்த கணத்தில் கார் வந்திருக்கிறது. பழம் நசுங்கிப்போயிருந்தது. அவளுடைய சேலை முந்தானை டயருக்குள் போயிருந்தது. சேலையைத் தோளில் ஊசியால் குத்தியிருந்ததால் அவளால் நிமிரவும் முடியவில்லை, நகரவும் முடியவில்லை. வலது கையை மடியில் வைத்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். ஐந்தும் இருந்தன.

என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் காரை இனித் தொடவே பயமாக இருந்தது. நியூட்ரலில் நின்ற கார் பாயும் என்றால், அது வேறு என்ன செய்யும் என்று யாருக்குத் தெரியும்? அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனாலும் வழி சொன்னது அவள்தான்.

"சாவி எங்கிட்ட இருக்கு, அது ஸ்டார்ட் ஆகாது. உள்ள ஏறி கிளச்ச மிதிங்க. ஹேண்ட் பிரேக்க மெதுவா எடுங்க. மேடுதானே, பின்னாலதான் போகும்."

பின்னால்தான் போனது. முந்தானையில் கறுப்பாக டயர் அச்சு விழுந்து, ஓரம் கிழிந்திருந்தது. அவள் எழும்பி உள்ளே போய், சேலையைக்கூட மாற்றாமல் கராஜ்காரருக்குத் தொலைபேசி எடுத்தாள். சத்தம் போடவில்லை. உங்கள் வேலையால் இன்றைக்கு நான் செத்திருப்பேன் தம்பி, வந்து பாருங்கள் என்று மட்டும் சொன்னாள்.

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் நானும் அவர்தான் காரணம் என்று நம்பினேன். பிறகு கொப்பியை எடுத்து, அவர் சொன்னதை வாசித்தேன். கியர் பொக்ஸும் நியூட்ரலில் இருக்கவேண்டும், லீவரும் நியூட்ரலில் நிற்கவேண்டும். நான் பார்த்தது லீவரை மட்டும். கியர் பொக்ஸ் அவர் மேட்டில் நிறுத்திய முதலாம் கியரிலேயே இருந்திருக்கிறது. அது அப்படி இருக்க, லீவரை மட்டும் நியூட்ரல் இடத்துக்கு இழுத்துவைத்து நட்டை இறுக்கியவன் நான். பகல் பன்னிரண்டு ஐந்துக்கு இது எனக்குத் தெரிந்தது. மனைவி அடுப்படியில் இருந்தாள். பத்தடி தூரம்தான். சொல்லியிருக்கலாம். சொன்னால் கார் போய்விடும் என்று நினைத்தேன். அந்த நேரத்திலும் அதைத்தான் நினைத்தேன்.

கராஜ்காரர் ஜும்ஆ தொழுகை முடித்து ஒன்றரைக்கு மோட்டார்சைக்கிளில் வந்தார். தொப்பியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, முதலில் மனைவியின் கையைப் பார்த்தார். பிறகு பொனட்டைத் திறந்தார். நட்டின் மூலைகளில் ஸ்பெனர் வழுக்கிய புதுக் கீறல் பளபளத்தது. ஆசனத்தின் கீழ் நான் மறந்துவிட்ட நூல்துண்டு கிடந்தது. அதையும் பார்த்தார். என்னை ஒருதரம் ஏறிட்டுப் பார்த்துவிட்டு மனைவியின் பக்கம் திரும்பினார்.

"என்ட பிழைதான், அம்மா. நட்ட சரியா பாக்காம இறுக்கிட்டன். மன்னிச்சுக்கங்க."

காலையில் கார் பாய்ந்ததைவிட இது என்னை அதிகமாக உலுக்கியது. எனக்கு மகனாகும் வயதுள்ள மனிதர். நோன்பும் தொழுகையும் தவறாதவர். எனக்காக என் வாசலில் நின்று பொய் சொன்னார். மனைவி பரவாயில்லை என்று சொல்ல வாயெடுத்தாள்.

"இல்ல," என்றேன். "காலையில நான்தான் அத கழட்டினேன்."

கராஜ்காரர் பொனட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டார். மனைவி என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"எத்தன சுத்து?" என்று கேட்டாள்.

"ரெண்டர."

"அத எண்ணத் தெரிஞ்சிருக்கு," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கராஜ்காரர் கியர் பொக்ஸை நியூட்ரலுக்குக் கொண்டுவந்தார். கையால் காரை ஆட்டிப் பார்த்தார். பிறகு லீவரை நிறுத்தி நட்டை இறுக்கினார். ஐந்து கியரையும் ரிவர்ஸையும் போட்டுக் காட்டினார். ரோட்டில் ஒரு சுற்றுப் போய் வந்தார். எல்லாம் சுத்தமாக விழுந்தன. கிளம்பும்போது என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

மனைவியின் தீர்ப்புக்காகக் காத்திருந்தேன். மூன்று நாற்பதுக்கு வேறு சேலை கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். சாவியை நீட்டினாள்.

"காலையில போகாத கோயிலுக்கு இப்ப போவோம். தோள் வலிக்குதான்னு பாக்கணுமில்ல? ஏறுங்க."

அவள் இடது ஆசனத்தில் ஏறி, பெல்ட்டை மாட்டி, பையை மடியில் வைத்துக்கொண்டாள். எனக்குக் கிடைக்காது என்று நினைத்தது கிடைத்துவிட்டது. நான் ஏறினேன். கால்களை உள்ளே வைத்தேன். கிளச்சை அடிமட்டும் மிதித்தேன். பிரேக்கை மிதித்தேன். லீவரை இடமும் வலமும் ஆட்டி நியூட்ரல் என்று உறுதிசெய்தேன். பதினொரு தடவை ஆட்டினேன். முன்னால் வாசலில் யாரும் இல்லை. அவள் என் பக்கத்தில் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பொனட்டுக்கு மேலே இடதுபக்கம் பார்த்தேன். மறுபடி பார்த்தேன். சாவியில் இருந்த கை திரும்பவில்லை.

அவள் அவசரப்படுத்தவில்லை. ஏதாவது சொல்லியிருந்தால் நான் கோபப்பட்டுத் திருப்பியிருப்பேன். நாலு மணிக்கு உக்குவளையில் நிற்கும் ரயில் வந்து போன சத்தம் கேட்டது. அதன் பிறகும் கொஞ்ச நேரம் இருந்தோம். கிளச்சிலிருந்து காலை எடுத்தேன். அவள் பெல்ட்டைக் கழற்றி இறங்கி, ரோட்டுக்குப் போய், ஒரு த்ரீவீலரைக் கைகாட்டி நிறுத்தினாள்.

கோயிலிலிருந்து வந்த பிறகு மகளுக்கு நானே தொலைபேசி எடுத்தேன். காரை விற்றுவிடலாம், ஆள் பார் என்றேன். தோள் அவ்வளவு வலிக்கிறதா அப்பா என்று கேட்டாள்.

"தோள் நல்லாத்தான் இருக்கு," என்றேன்.

அம்மாவிடம் போனைக் கொடுங்கள் என்றாள். கொடுத்தேன்.