மூக்கிலிருந்து கையை எடுக்க வைத்த ஆண்டவர்

ஆண்டவருக்குள் அன்பானவர்களே, நம் தெருவின் அன்பிய ஜெபக் கூட்டத்தில் கடைசியில் உட்கார்ந்து, அடுத்தவர் சாட்சிக்குக் கைதட்டிவிட்டு, டீ வந்ததும் முதலில் எழும்புகிற ஆள் நான். எனக்கு நடந்ததைச் சொல்லாமல் இனி அந்த டீ தொண்டையில் இறங்காது என்பதால் எழுதுகிறேன்.

நான் தூத்துக்குடியில் சங்கு குளிக்கிறவன். போன வருடம் தவக்காலத்தில் என் மூக்குத் தண்டின் ஓரத்தில் ஒரு சின்னப் புண் வந்தது. தண்ணீருக்குள் போடும் கண்ணாடி உரசி எங்கள் எல்லோருக்கும் அந்த இடத்தில் தோல் உரியும். எண்ணெய் தடவினால் சரியாகிவிடும். இது ஆறவில்லை. காயும், பொருக்குத் தட்டும், மறுபடி லேசாக இரத்தம் கசியும். கண்ணாடியின் ரப்பர் சரியில்லை என்று புதுக் கண்ணாடி வாங்கினேன். பிறகு அதையும் திட்டினேன். ஜூலைக் கடைசியில் மாதா கோவில் திருவிழாவுக்குக் கொடியேறும் சமயத்தில்தான் என் மனைவி ஜெனோவா என்னைத் தோல் டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

துளித் தசை எடுத்துச் சோதித்துவிட்டு, தோலில் வரும் புற்றுநோய் என்றார் டாக்டரம்மா. ஆரம்ப நிலைதான், இந்த வகை பெரும்பாலும் பரவாது, வெட்டி எடுத்தால் போதும் என்றும் சொன்னார். அந்த நல்ல செய்தியையெல்லாம் ஜெனோவா கேட்டுக்கொண்டாள். நான் புற்றுநோய் என்ற ஒரு சொல்லை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மரத்துப்போக ஊசி போட்டு வெட்டினார்கள், தையல் போட்டார்கள். ஓரமெல்லாம் சுத்தமாக இருக்கிறது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதும் என்று ரிசல்ட் வந்தது.

நன்றிப் பூசை வைக்கச் சொல்லிக் கோவிலில் கருத்துக் கொடுத்தோம். அந்தப் பூசையில் முழங்காலில் இருக்கும்போதே என் விரல் மூக்குக்குப் போய்விட்டது.

சங்கு சும்மா கண்ணுக்குத் தெரியாது. மணலுக்குள் புதைந்து கிடக்கும். மணல் கொஞ்சம் மேடிட்டிருப்பதைப் பார்த்தே கைவிட்டு எடுக்க வேண்டும். அப்படிப் பழகிய கண் இப்போது என் உடம்பில் மேடு தேட ஆரம்பித்துவிட்டது. மச்சம், கொசுக்கடி, வேர்க்குரு எதையும் விடவில்லை. எல்லாவற்றையும் போனில் படம் பிடித்து, நேற்றைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மைப் படத்தை ஊரிலிருந்து வந்தவர்களிடம் காட்டப் போனை வாங்கினாள் ஜெனோவா. பார்த்தால் மூக்கும் முதுகுமாக வருகிறது. டாக்டரம்மா கூப்பிடாத நாளிலும் அவர் வாசலில் போய் நின்றேன். ஒன்றும் இல்லை என்பார். அந்தச் சந்தோஷம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும்தான் இருக்கும். தினமும் விடியற்காலையில், “ஆண்டவரே, இன்று ஒன்றும் இருக்கக் கூடாது” என்று ஜெபிப்பேன். ஆமென் சொன்ன கையோடு கண்ணாடிக்கு முன்னால் போய் நிற்பேன். சாப்பாடு இறங்கவில்லை. நோய் போய்விட்டது, நான்தான் இன்னும் நோயாளியாக இருந்தேன்.

மழை ஓய்ந்து மறுபடி கடலுக்குப் போனோம். எங்கள் ஊர்ப் பக்கத்தில் சங்கு குளிக்கிறவனுக்கு மேலே படகிலிருந்து கயிறு பிடிப்பது பெரும்பாலும் மச்சான்தான். தங்கை தாலியின் மேல் அவனுக்கு இருக்கும் அக்கறை வேறு யாருக்கு இருக்கும்? எனக்குப் பிடிப்பவர் ஜெனோவாவின் அண்ணன் மிக்கேல். அதிகம் பேசாத மனிதர். கிறிஸ்துமஸுக்கு முன்னால் வரும் திருவருகைக் காலத்தில் ஒருநாள் கடலடியில் இருக்கும்போது, தழும்பு இருந்த இடம் வீங்குவதுபோல் எனக்குத் தோன்றியது. தொட்டுப் பார்க்கக் கண்ணாடிக்குள் விரலை விட்டேன். குபுக்கென்று தண்ணீர் புகுந்தது. கண் தெரியவில்லை, வாயிலிருந்த காற்று டியூப் நழுவியது. கயிற்றை இழுத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. மச்சான் என்னைத் தூக்கி வள்ளத்தில் போட்டபோது பாதிக் கடலைக் குடித்திருந்தேன்.

நான் வாந்தியெடுத்து முடிக்கும்வரை என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகுதான் கேட்டார்.

“மாப்ள, இந்த ஒரு மாசமா சும்மா சும்மா கயித்த இழுத்துக்கிட்டே இருக்கியே, எதுக்கு?”

மேலே ஆள் இருக்கிறாரா என்று பார்க்கத்தான் இழுத்தேன் என்று உண்மையைச் சொன்னேன். மூக்கைத் தொட்டுத் தொட்டுப் பழகிய எனக்கு அதுவும் ஒரு பழக்கமாகிவிட்டிருந்தது.

அவர் முகம் வாடிவிட்டது. “என் தங்கச்சிக்காவ கயித்த பிடிச்சிக்கிட்டு இருக்கேன். விட்டுட்டுப் போயிருவேன்னு நெனச்சியாலே?” என்றார்.

நான் அழுதுவிட்டேன். மச்சானை மட்டுமா அப்படி இழுத்துப் பார்த்தேன்? விடிந்தால் எழுந்து ஆண்டவரையும் அப்படித்தானே இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கரை வரும்வரை வள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, முதல்முறையாக வேறு விதமாக ஜெபித்தேன். “ஆண்டவரே, ஒன்றும் வரக் கூடாது என்று இனி கேட்கவில்லை. இந்தத் தேடுகிற வேலையை என்னிடமிருந்து எடுத்துவிடும். என்னால் முடியவில்லை.”

வீட்டுக்குப் போனால், சுவரில் இருந்த கண்ணாடியைக் காணோம். ஜெனோவா கழற்றிப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டியிருந்தாள். என்ன பார்க்க வேண்டும், எப்படிப் பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மாவிடம் அவள் ஏற்கெனவே கேட்டு வைத்திருந்தாளாம். “இனிம மாசத்துல மொத ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சி நான் பாக்குதேன். நீங்க கை வைக்கப்பிடாது,” என்றாள்.

மச்சான் போன் போட்டுச் சொல்லியிருப்பார் என்பீர்கள். சொல்லியிருக்கட்டும். மச்சான் போனை ஆண்டவர் பயன்படுத்தக் கூடாது என்று யாராவது சட்டம் போட்டிருக்கிறார்களா?

உடனே எல்லாம் மாறிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். விரல் எழும்பும், ஜெனோவா ஒரு பார்வை பார்ப்பாள், இறங்கிவிடும். கொஞ்சம் கொஞ்சமாக எழும்புவதே குறைந்தது. வெயிலுக்கு டாக்டரம்மா கொடுத்த வெள்ளைக் கிரீமை முகத்தில் பூசித் தொப்பியும் போட்டுக்கொண்டு போகிறேன். புது மாப்பிள்ளை வாரான் என்று கரையில் கேலி செய்கிறார்கள். செய்யட்டும். சோறு ருசிக்கிறது. மகள் பேசும்போது அவள் முகத்தைப் பார்க்கிறேன். சங்கும் கண்ணில் படுகிறது.

இந்த வருடம் தவக்காலத்தில் ஜெனோவா என் தோளுக்குப் பின்னால் ஒரு கறுப்புப் புள்ளியைக் கண்டாள். புதன்கிழமை டாக்டரம்மாவிடம் காட்டுவோம் என்றாள். எனக்கும் பக்கென்றுதான் இருந்தது. சரி என்று சொல்லிவிட்டு, அதை ஆண்டவரிடம் கொடுத்தேன். புதன்கிழமை தண்ணீர் நல்ல தெளிவு என்று மச்சான் கூப்பிட்டார், போய்விட்டேன். மத்தியானம் கரைக்கு வந்தால் ஜெனோவா கையில் ஆஸ்பத்திரி ஃபைலோடு வெயிலில் நிற்கிறாள். இன்றைக்கு என்ன நாள் என்று கேட்டாள். அப்போதுதான் ஞாபகம் வந்தது. கூப்பிடாமலே ஆஸ்பத்திரி வாசலில் நின்ற நான், கூப்பிட்ட நாளை மறந்துவிட்டேன். எனக்கு ஆண்டவர் செய்த அற்புதம் இதுதான்.

உப்பு உடம்போடு போனேன். லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, வெறும் மச்சம்தான், பயமில்லை என்றார் டாக்டரம்மா. நான் சிரித்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜெனோவா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மூன்று நாளாகத் தூங்கவில்லையாம். என்னிடமிருந்து எடுத்ததை அவளல்லவா சுமந்திருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு அவள் என்னைப் பார்ப்பதற்கு முன்னால், நான் அவள் தலையில் கைவைத்து அவளுக்காக ஜெபிக்கிறேன்.

என்னைப்போல் பயந்து கிடக்கிறவர்களே, டாக்டர் சொன்ன நாளில் தவறாமல் போங்கள். போய்விட்டு வந்த பிறகு, மிச்சத்தை ஆண்டவரிடம் கொடுத்துவிடுங்கள். அவர் யாரையாவது உங்கள் பக்கத்தில் நிறுத்துவார். அந்த ஆளுக்காகவும் ஜெபியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமையும் பூசை முடிந்து பார்த்தாள். ஒன்றும் இல்லை என்றாள். உனக்குப் பயமாக இருந்ததா என்று கேட்டேன்.

“இன்னைக்கு இல்ல,” என்றாள். ஆண்டவருக்கு நன்றி.